கழுத்து திரும்பிக்கொள்வதும் கால் தளர்வதும் ஒரே நோயா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் கணவருக்கு வயது 41. குலை வெட்டும் வேலை செய்கிறார். ஒன்றரை ஆண்டாக அவருடைய கழுத்து தானாகவே இடப்பக்கம் திரும்பிக்கொள்கிறது. அவர் நேராகப் பிடித்து வைத்தாலும் சிறிது நேரத்தில் மறுபடியும் திரும்பிவிடுகிறது. தாடையில் ஒரு விரலை வைத்துக்கொண்டால் மட்டும் நேராக நிற்கிறது. தூங்கும்போது ஒன்றும் இல்லை. சுளுக்கு என்று நினைத்துப் பல முறை உருவிப் பார்த்தோம். கடைசியில் ஈப்போவில் ஒரு நிபுணர் ‘டிஸ்டோனியா’ என்று சொன்னார்.

இதற்கிடையில் என் நாத்தனாரின் 6 வயது மகன் அடிக்கடி விழுகிறான், படி ஏறக் கஷ்டப்படுகிறான். முதலில் கல்லீரலில் கோளாறு என்றார்கள். என் மாமியார் பல மாதம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். இப்போது வேறொரு மருத்துவர் சிகே என்னும் ரத்தப் பரிசோதனை எடுத்து, 14,000 இருக்கிறது, ‘டிஸ்ட்ரோஃபி’யாக இருக்கும் என்கிறார்.

பெயர் ஒன்று போலவே கேட்பதால், மாமனுக்கு வந்தது மருமகனுக்கும் வந்துவிட்டது என்று உறவினர் எல்லாரும் பேசுகிறார்கள். நாத்தனார் தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டதுதான் காரணம் என்று சிலர் அவளிடமே சொல்லிவிட்டார்கள். நான் இவர்களுக்குச் சொந்தம் இல்லை, ஜொகூரிலிருந்து வந்தவள். எனக்கு 13 வயதில் மகளும் 9 வயதில் மகனும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இது வருமா? என் கணவர் வேலைக்குப் போகலாமா? தயவு செய்து விளக்குங்கள். பெயர் வேண்டாம்.

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். ஒரே குடும்பத்தில், ஒலியில் இவ்வளவு நெருங்கிய இரண்டு நோய்ப்பெயர்கள் அடுத்தடுத்து வந்து விழுந்தால் யாருக்கும் குழப்பம் வரத்தான் செய்யும். ஆகவே நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். இவை இரண்டும் ஒரே நோய் அல்ல. ஒன்று முற்றினால் மற்றொன்றாக மாறுவதும் இல்லை. உங்கள் கணவரின் தசைகள் நல்ல தசைகள். அவற்றுக்கு மூளையிலிருந்து வரும் கட்டளைதான் பிசகியிருக்கிறது. உங்கள் நாத்தனார் மகனுக்குக் கட்டளை சரியாகவே வருகிறது; அதை நிறைவேற்ற வேண்டிய தசைதான் சிதைந்துகொண்டிருக்கிறது.

இரண்டு பெயர்களும் கிரேக்க மொழியிலிருந்து வந்தவை. முன்னால் நிற்கும் ‘டிஸ்’ இரண்டுக்கும் பொது; கேடு, கோளாறு என்பது அதன் பொருள். பின்னால் வரும் ‘டோனஸ்’ என்பது வீணைத் தந்தியை முறுக்கினால் ஏறுகிறதே, அந்த விறைப்பைக் குறிக்கும். ‘ட்ரோஃபி’ என்பது ஊட்டம். ஆகவே முன்னதைத் தசைமுறுக்கு என்றும் பின்னதைத் தசைச்சிதைவு என்றும் வீட்டில் சொல்லிப் பழகுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும். பின்னதை நான் வேண்டுமென்றேதான் ‘ஊட்டக்கேடு’ என்று மொழிபெயர்க்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பெயரிட்டவர்கள் தசை மெலிவதைப் பார்த்து அதற்கு ஊட்டம் போய்ச் சேரவில்லை என்று கருதினார்கள். அந்தப் பெயர் நின்றுவிட்டதால், இன்றும் பிள்ளைக்குச் சரியாக ஊட்டவில்லை என்ற பழி தாயின் தலையில் விழுகிறது. கோழிச்சாறும் புரதப் பொடியும் வாங்கியே குடும்பம் கடனாகிறது. பிள்ளை சாப்பிட்ட அளவுக்கும் இந்த நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை உங்கள் நாத்தனாரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி உங்கள் கணவரின் கழுத்தைப் பார்ப்போம். இருவர் பிடித்து மரம் அறுக்கும் பெரிய ரம்பத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவர் இழுக்கும்போது எதிரே இருப்பவர் விட்டுக்கொடுத்தால்தான் ரம்பம் ஓடும். நம் உடலிலும் ஒரு தசை சுருங்கும்போது அதற்கு எதிர்த்தசை தளர்ந்து கொடுக்கிறது. எது இழுக்க வேண்டும், எது விட வேண்டும், எவ்வளவு விட வேண்டும் என்று ஒழுங்கு செய்வதில் மூளையின் அடிப்பகுதியில் ஆழத்தில் இருக்கும் நரம்பணுத் திரள்களுக்கும் சிறுமூளைக்கும் பெரும் பங்கு உண்டு. அந்த ஒழுங்கு பிசகினால் இருவரும் ஒரே நேரத்தில் இழுக்கத் தொடங்குகிறார்கள். அப்போது கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்கிறது, அல்லது இமை இறுக மூடிக்கொள்கிறது, அல்லது எழுதும் கை கோணிக்கொள்கிறது. கழுத்தில் வருவது நடு வயதில் தொடங்கும் தசைமுறுக்குகளிலேயே மிகுதியாகக் காணப்படும் வகையாகும்.

தாடையில் ஒரு விரல் வைத்தால் கழுத்து நேராகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது மிக மதிப்புள்ள குறிப்பு. விரலின் வலுவால் கழுத்து நிற்பதில்லை. ஒரு மனிதனின் கழுத்துத் தசையை ஒற்றை விரலால் அடக்க முடியாது. அந்தத் தொடுதல் மூளைக்கு அனுப்பும் உணர்வுச் செய்தியே முறுக்கைச் சற்று நேரம் தணிக்கிறது. வேறு நோய்களில் இப்படி நடப்பது அரிது என்பதால் நரம்பியல் மருத்துவர்கள் இதைத் தேடிக் கேட்பார்கள். அறியாதவர்கள் இதையே தவறாகப் புரிந்துகொண்டு, விரல் வைத்தால் நிற்கிறது, தூங்கினால் போய்விடுகிறது, நாலு பேர் பார்க்கும்போது கூடுகிறது, ஆகையால் இது நடிப்பு அல்லது மனக்கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். செய்வினை என்றும், உடம்பில் ஏதோ இறங்கியிருக்கிறது என்றும் பேச்சு வருவதும் இதனால்தான். மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இந்தத் தவற்றைச் செய்தது. பெர்லினில் ஹெர்மன் ஒப்பன்ஹைம் 1911இல் டிஸ்டோனியா என்ற சொல்லை உருவாக்கிய பிறகும் பல பத்தாண்டுகள் இந்நோயாளிகள் மனநோயாளிகளாகவே நடத்தப்பட்டார்கள். கழுத்துத் திருகலும் இமை இறுக்கமும் எழுதும் கை கோணலும் மூளையின் ஒரே வகைக் கோளாற்றின் வடிவங்கள் என்று லண்டன் மருத்துவர் டேவிட் மார்ஸ்டன் 1970களில் வாதிட்டு நிலைநாட்டிய பின்புதான் அந்தப் பழி குறைந்தது.

அவர் முன்பு வாந்தி நிற்பதற்கோ மனநலத்திற்கோ நீண்ட நாள் மாத்திரை உட்கொண்டிருந்தால், அதன் பெயரை நிபுணரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த வகை மருந்துகள் சிலவும் தசைமுறுக்கை உண்டாக்கும். அப்படி எதுவும் இல்லையென்றால், கழுத்துக்கு இன்று முதல் நிலைச் சிகிச்சை பொட்டுலினம் நச்சு ஊசியே. நச்சு என்றதும் அஞ்ச வேண்டாம். மிகச் சிறிய அளவில், முறுக்கிக்கொள்ளும் தசைகளில் மட்டும் செலுத்தப்படும் இந்த மருந்து, நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியைத் தடுத்து அந்தத் தசையைத் தளர்த்துகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணைச் சரிசெய்ய வழி தேடியபோது உருவான சிகிச்சை இது. 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஊசி போட்ட சில நாள்களில் தளர்வு தெரியத் தொடங்கும், ஏறக்குறைய 3 மாதம் நிற்கும், பிறகு மறுபடியும் போட வேண்டும். நோயை வேரோடு எடுத்துவிடாது. ஆனால் மனிதனை வேலைக்கும் விருந்துக்கும் திரும்ப அனுப்பும். சிலருக்குச் சில நாள் விழுங்குவதில் சிரமம் இருக்கும். கஞ்சியும் மென்மையான உணவும் கொடுத்துச் சமாளிக்கலாம், ஆனால் மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். ஊசிக்கும் மாத்திரைக்கும் கட்டுப்படாத கடுமையான நிலையில் மூளைக்குள் மெல்லிய மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. உங்கள் கணவரைப் பொறுத்தவரை அதைப் பற்றி இப்போது எண்ணவே தேவையில்லை.

உருவுதலைப் பற்றியும் ஒரு சொல். இதமாக வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் கழுத்தை ‘டக்’கென்று ஒடித்துத் திருப்பும் வேலையை யாரும் செய்ய விடாதீர்கள். முறுக்கு தசையில் பிறக்கவில்லை. தசையை எவ்வளவு பிசைந்தாலும் மூளையின் கட்டளை மாறாது. கழுத்தை வேகமாக ஒடிப்பதால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

வேலையைப் பொறுத்தவரை, சிகிச்சை பலன் தரும் வரையில் குலை வெட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. நீண்ட கம்பில் கட்டிய அரிவாளோடு அண்ணாந்து நிற்பவர், விழும் குலையையும் மட்டையையும் கண்ணால் தொடர முடியாவிட்டால் உயிருக்கே ஆபத்து. தோட்டத்துச் சாலையில் மோட்டார் சைக்கிளும் இப்போதைக்கு வேண்டாம். திருப்ப முடியாத பக்கத்திலிருந்து வரும் லாரியை அவர் காண மாட்டார். நிபுணரிடம் எழுத்து வடிவில் சான்று வாங்கி, தரையில் செய்யும் வேலைக்கு மாற்றித் தருமாறு நிர்வாகத்திடம் கேளுங்கள். சான்றில் நோயின் பெயர் முழுமையாக இருக்கட்டும். பெயரை அரைகுறையாகக் கேட்டுத் தசைச்சிதைவு என்று நினைத்துக்கொண்டு, இனி தேறாத ஆள் என்று ஒதுக்கிவிடுகிற அபாயம் உண்டு. அவர் அப்படிப்பட்டவர் அல்லர். அவருடைய கைகால் வலு குறையாது.

இனிப் பிள்ளையிடம் வருகிறேன். அவசரம் இங்கேதான் இருக்கிறது.

தசை நார் ஒவ்வொன்றையும் அரிசி நிரப்பிய ஒரு கோணிச் சாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாக்கைத் தூக்கி இறக்கும் ஒவ்வொரு முறையும் துணி இழுபடுகிறது. ஓரத் தையல் உறுதியாக இருப்பதால் கிழிவதில்லை. தசை நாரின் மேலுறைக்கு உள்ளே அப்படி ஒரு தையலாக நிற்பது டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம். இந்தப் பிள்ளைக்கு இருக்கலாம் என்று நான் ஐயப்படும் டூஷேன் வகைத் தசைச்சிதைவில் இந்தப் புரதம் உருவாவதே இல்லை. ஓடும்போதும் படி இறங்கும்போதும் மேலுறையில் சிறு சிறு கிழிசல்கள் விழுகின்றன. காலப்போக்கில் தசை போய், அந்த இடத்தில் கொழுப்பும் வடுத்திசுவும் நிறைகின்றன. சிகே என்பது தசைக்குள் இருக்க வேண்டிய ஒரு நொதி. சாக்கு கிழிந்தால் தரையில் அரிசி கிடப்பது போல, தசை கிழிந்தால் சிகே ரத்தத்தில் கிடக்கும். வழக்கமாக 200 அளவில் இருக்க வேண்டியது 14,000 என்றால், சிந்தியது எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் கணவருக்கு அதே பரிசோதனையை எடுத்தால் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். இரண்டு நோய்களையும் பிரித்துக் காட்ட இதைவிட எளிய சான்று வேறில்லை.

முதலில் கல்லீரல் என்று சொல்லப்பட்டதும் இதே காரணத்தால்தான். கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஏஎல்டி, ஏஎஸ்டி என்னும் இரண்டு நொதிகளும் தசையிலும் இருக்கின்றன. அவை உயர்ந்திருப்பதைக் கண்டதும் கல்லீரலைத் தேடிப் போகிறார்கள். ஜிஜிடி என்னும் மற்றொரு நொதி தசையில் இல்லை. அது இயல்பாக இருந்து மற்ற இரண்டும் உயர்ந்திருந்தால் உடனே சிகே பார்க்க வேண்டும். மாமியார் கீழாநெல்லி கொடுத்ததற்காக அவரை நோக வேண்டாம். தனக்குச் சொல்லப்பட்ட நோய்க்குத் தான் அறிந்த மருந்தை அன்போடு கொடுத்தார்.

இந்த நோயைப் பாரிஸ் மருத்துவர் டூஷேன் 1868இல் விரிவாக எழுதினார். லண்டனில் வில்லியம் கவர்ஸ் 1879இல் குறிப்பிட்ட ஓர் அடையாளத்தை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து எழச் சொல்லுங்கள். இடுப்புத் தசை தளர்ந்த பிள்ளை முதலில் கவிழ்ந்து, கைகளை ஊன்றி, பிறகு தன் முழங்காலையும் தொடையையும் கைகளால் பற்றித் தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல எழும். அதைக் கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். கெண்டைக்கால் பருத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பருத்த காலைக் கண்டு பிள்ளை நல்ல பலசாலி என்று மகிழ்வார்கள், ஆனால் அந்தப் பருமனில் பெரும்பகுதி கொழுப்பும் வடுவுமாக இருக்கும். என் தொழிலின் தொடக்கத்தில் 11 வயதுப் பையன் ஒருவனை என்னிடம் கொண்டு வந்தார்கள். பல ஆண்டுகள் அவன் விளையாட்டு நேரத்தில் சோம்பேறி என்று பெயர் வாங்கி, தண்டனையாகத் திடலைச் சுற்றி ஓடவைக்கப்பட்டிருந்தான். அந்த ஓட்டம் ஒவ்வொன்றும் அவன் தசைக்குச் செய்திருக்கக்கூடிய கேட்டை எண்ணினால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. உங்கள் மருமகன் படிக்கும் பள்ளியில் இதை உடனே சொல்லிவையுங்கள். நீந்தலாம், சமதரையில் மெல்ல நடக்கலாம். பந்தய ஓட்டம், தவளைத் தாவல், படியில் ஏறி இறங்கும் பயிற்சி ஆகியவை கூடாது.

செய்ய வேண்டியது என்னவென்றால், அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் இந்தச் சிகே அறிக்கையைக் காட்டி, குழந்தை நரம்பியல் நிபுணர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குங்கள். மரபணுப் பரிசோதனைதான் முடிவு சொல்லும். கோலாலம்பூர் மருத்துவமனையில் மரபியலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. டூஷேன் என்று உறுதியானால் ஸ்டீராய்டு மருந்து தொடங்குவார்கள். அது நோயைப் போக்காது. நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டும், முதுகெலும்பு வளைவதையும் மூச்சுத் தசை தளர்வதையும் தள்ளிப்போடும். உடல் பருக்கும், முகம் உப்பும், எலும்பு மெலியும் என்பதெல்லாம் உண்மைதான். அதற்காகப் பெற்றோர் தாமாக ஒரு நாள் நிறுத்திவிடக் கூடாது; திடீரென்று நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. மருத்துவம் இல்லாத காலத்தில் இப்பிள்ளைகள் 12, 13 வயதுக்குள் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். இன்று இதயத்தையும் மூச்சையும் ஆண்டுதோறும் கவனித்து வந்தால் வாலிபத்தைத் தாண்டி வாழ்கிறவர்கள் பலர். இதயமும் ஒரு தசையே என்பதால், பிள்ளை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் இதய ஸ்கேன் தவறக் கூடாது.

எந்தச் சிறு அறுவை சிகிச்சைக்குப் போனாலும், அது பல் பிடுங்குவதாக இருந்தாலும், விருத்தசேதனமாக இருந்தாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் ‘பிள்ளைக்குத் தசைச்சிதைவு’ என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். சக்ஸமெத்தோனியம் என்ற தளர்த்து மருந்தும் மூச்சில் கொடுக்கும் சில மயக்க வாயுக்களும் இப்பிள்ளைகளின் தசையை ஒரேயடியாக உடைத்து, இதயத்தை நிறுத்திவிடக்கூடும். இங்கே பெயரை மாற்றித் ‘டிஸ்டோனியா’ என்று சொல்லிவிட்டால் உயிரே போகலாம். இதனால்தான் இரண்டு பெயர்களையும் எழுத்துப் பிசகாமல் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அடுத்து உங்களை மிகவும் வாட்டும் கேள்வி. டூஷேன் வகைக்கான மரபணுப் பழுது எக்ஸ் என்னும் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது தாயிடமிருந்து வருவது. அந்த ஒன்றில் பழுது இருந்தால் அவனுக்கு நோய் வந்தே தீரும். உங்கள் கணவர் 41 வயது வரையில் குலை வெட்டியவர். அவரிடம் அந்தப் பழுது இருந்திருந்தால் சிறுவனாக இருக்கும்போதே நடை போயிருக்கும். ஆகவே அவர் வழியாக உங்கள் மகளுக்கோ மகனுக்கோ டூஷேன் வராது. தசைமுறுக்கைப் பொறுத்தவரை, நடு வயதில் கழுத்தில் மட்டும் வருவது பெரும்பாலும் பிள்ளைகளுக்குத் தொடர்வதில்லை. குடும்பத்தில் இன்னொருவருக்கு வருவது சில சமயம் உண்டு. அதற்காக இன்றே பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டிய அவசியம் இல்லை.

தாய்மாமனைக் கட்டியதற்கும் டூஷேனுக்கும் தொடர்பில்லை. அப்பாவின் எக்ஸ் மகனுக்குப் போவதே இல்லையே! மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குத் தாயிடமும் பழுது இல்லாமல் புதிதாகவே தோன்றுகிறது. ஆயினும் ஒன்றை நான் மறைக்கக் கூடாது. டூஷேனைப் போலவே தோன்றும் வேறு சில தசைச்சிதைவுகள் உண்டு. அவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்து சேர்ந்தால் மட்டுமே வரும், நெருங்கிய உறவுத் திருமணத்தில் அந்த வாய்ப்பு கூடும். எது என்று மரபணுப் பரிசோதனை சொல்லட்டும். எதுவாக இருந்தாலும் நீங்கள் வெளியிலிருந்து வந்தவர் என்பதால் உங்கள் பிள்ளைகளுக்கான ஆபத்து மிகச் சிறிது.

உங்கள் மாமியாரிடம் நிதானமாக ஒன்று கேளுங்கள். அவருடைய சகோதரர்களிலோ, சின்னம்மா, பெரியம்மா பிள்ளைகளிலோ, லயத்து வீட்டில் நடக்க முடியாமல் கிடந்து 20 வயதுக்குள் இறந்த ஆண்பிள்ளை யாராவது உண்டா? தோட்டம் மாறி, ஊர் மாறிப் போனதில் இத்தகைய செய்திகள் நம் குடும்பங்களில் மறைந்துபோகின்றன; பாட்டிமார் மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள். அப்படி ஒருவர் இருந்திருந்தால் பழுது பெண்கள் வழியாக வந்திருக்கிறது என்று பொருள். நாத்தனாருக்கும் உங்கள் கணவரின் மற்றச் சகோதரிகளுக்கும், அவர்கள் அடுத்த குழந்தைக்கு முன்பே, பரிசோதனை தேவைப்படும். பழுதைச் சுமக்கும் பெண்ணின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. அவளுடைய சொந்த இதயமும் தளரக்கூடும் என்பதால் அவளுக்கும் இதய ஸ்கேன் வேண்டும்.

நோய் உறுதியானதும் பிள்ளையைச் சமூகநலத் துறையில் ஓகேயு என்னும் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிவு செய்யுங்கள். கணவர் சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா கட்டுகிறவராக இருந்தால், வேலை செய்ய முடியாத நிலை நீடிக்கும்போது அங்கே என்ன உதவி உண்டு என்று நிபுணரின் அறிக்கையோடு போய்க் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, என் பேத்திக்கு 8 வயது. காலையில் மற்றப் பிள்ளைகளைப் போல ஓடுகிறாள். மாலையில் பள்ளி விட்டு வரும்போது வலது பாதம் உள்பக்கம் மடங்கி, விரல் ஊன்றி நொண்டுகிறாள். பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டிருக்கும், வைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதுவும் தசைச்சிதைவா? – பாடாங் செராய் வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நம்பிக்கைதான் பிறந்தது. காலையில் நன்றாக இருந்து மாலையில் மோசமாகி, தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் கால் முறுக்கு, பிறவி மூளைப் பாதிப்பின் வழக்கமான குணம் அன்று. தசைச்சிதைவின் குணமும் அன்று. ஜப்பானிய மருத்துவர் மசாயா செகாவா 1970களில் விவரித்த ஒரு வகைத் தசைமுறுக்கு இப்படித்தான் இருக்கும். பெண்பிள்ளைகளுக்கே அதிகம் வருகிறது, பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்குகிறது. டோபமின் என்ற வேதிப்பொருளை மூளை போதிய அளவு தயாரிக்காததே காரணம். லெவோடோபா மாத்திரையைச் சிறிய அளவில் கொடுத்தாலே, சில நாள்களிலோ வாரங்களிலோ, நொண்டிய பிள்ளை நேராக நடக்கிறது. பல ஆண்டுகள் சக்கர நாற்காலியில் இருந்தவர்கள்கூட இந்த மாத்திரையால் எழுந்து நடந்திருக்கிறார்கள். மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான பலன் தரும் நோய்கள் சிலவே.

ஆகவே ‘வைத்தியம் இல்லை’ என்ற சொல்லை ஏற்றுக்கொண்டு உட்கார வேண்டாம். காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் பேத்தி நடப்பதைப் படம் பிடித்துக் குழந்தை நரம்பியல் நிபுணரிடம் காட்டி, லெவோடோபா கொடுத்துப் பார்க்கலாமா என்று நேராகவே கேளுங்கள். கூடவே வில்சன் நோய்க்கான பரிசோதனையையும் கேட்க வேண்டும். உடலில் செம்பு சேர்ந்து மூளையையும் கல்லீரலையும் கெடுக்கும் அந்நோயும் சிறு வயதில் தசைமுறுக்காகத் தலைகாட்டும். ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் அளவு, ஒரு நாள் சிறுநீரில் செம்பின் அளவு, கருவிழியின் ஓரத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் ஆகிய மூன்றையும் பார்ப்பார்கள். அதற்கும் மருந்து உண்டு, ஆனால் காலம் தாழ்ந்தால் பலன் குறையும். இளம் வயதில் தசைமுறுக்கு என்று வந்த எவரையும் இவ்விரண்டையும் பார்க்காமல் அனுப்புவது தவறு என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 34. பகாவ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டுகிறேன். விடியற்காலைக் குளிரில் கத்தியை இறுகப் பிடித்தால் விரல்கள் உடனே விரிவதில்லை. நாலைந்து மரம் வெட்டிய பிறகு சரியாகிவிடுகிறது. ஒருவர் டிஸ்டோனியா என்றார், இன்னொருவர் மயோட்டோனியா என்றார். என் அப்பாவுக்கு 45 வயதிலேயே கண்புரை வந்தது, முன்தலை வழுக்கை. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, தம்பி. அப்பாவைப் பற்றி எழுதியதுதான் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி. பிடித்த பிடி விடாமல் நின்று, திரும்பத் திரும்பச் செய்தால் இளகி, குளிரில் கூடுவது மயோட்டோனியா. தசைமுறுக்கில் கை தானாகக் கோணும், அதுவும் எழுதுவது, இசைக்கருவி வாசிப்பது போன்ற ஒரு குறிப்பிட்ட வேலையில் மட்டும் கோணுவதாக இருக்கும். அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷரின் வலது கை 1960களில் அப்படித்தான் வாசிப்புக்கு உதவாமல் போனது. உங்களுக்கோ எதைப் பிடித்தாலும் விடத் தாமதமாகிறது.

மயோட்டோனியா தனியாகவும் வரும். டேனிஷ் மருத்துவர் தாம்சன் 1876இல் தம் சொந்தக் குடும்பத்திலேயே கண்டு எழுதிய வகை அது, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இளவயதுக் கண்புரை, முன்தலை வழுக்கை இவற்றோடு குடும்பத்தில் வருமானால் மயோட்டோனிக் டிஸ்ட்ரோஃபி என்னும் தசைச்சிதைவை நினைக்க வேண்டும். 19ஆம் குரோமோசோமில் ஒரு மரபெழுத்துத் தொடர் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருப்பதே காரணம் என்று 1992இல் கண்டார்கள். அந்தத் தொடர் தலைமுறைதோறும் நீளக்கூடியது; ஆகவே அப்பாவைவிட மகனுக்கும், மகனைவிடப் பேரனுக்கும் முன்னதாகவும் கடுமையாகவும் வரலாம். கையைவிட இதயமே இங்கே கவலை. இதயத் துடிப்பை நடத்தும் மின்பாதை தடைப்பட்டுத் திடீரென மயங்கி விழ நேரலாம். இந்த வாரமே சுகாதாரக் கிளினிக்கில் ஓர் இசிஜி எடுத்துவிடுங்கள். மரபணுப் பரிசோதனைக்கு அப்பாவையும் அழைத்துப் போங்கள். திருமணம் ஆகியிருந்தால், குழந்தைக்கு முன் மனைவியோடு சேர்ந்து மரபியல் ஆலோசனை பெறுங்கள்.

கேள்வி: தெலுக் இந்தானில் என் தங்கைக்கு (வயது 17) வாந்திக்குக் கொடுத்த மாத்திரையை விழுங்கிய மறுநாள் கண் மேலே சொருகி, நாக்குத் தள்ளி, கழுத்து பின்னால் வளைந்துவிட்டது. சாமி வந்துவிட்டது என்று திருநீறு பூசினார்கள். மருத்துவமனையில் ஓர் ஊசியில் சரியாகிவிட்டது. இதுவும் டிஸ்டோனியாதானா? மறுபடி வருமா?

பதில்: ஆம், மருந்தால் திடீரென வரும் தசைமுறுக்கு இது. மெடோகுளோபிரமைட் போன்ற வாந்தி மருந்துகள் இளம் வயதினருக்கு, முதல் சில நாள்களுக்குள், இப்படிச் செய்வதுண்டு. முறிவு ஊசி போட்டால் நிமிடங்களில் தளர்ந்துவிடும். இது நீடிக்கும் நோய் அல்ல, பிள்ளைகளுக்குத் தொடர்வதும் அல்ல. ஆனால் அதே மருந்தை மறுபடி கொடுத்தால் மறுபடியும் வரலாம். மாத்திரையின் பெயரை மருத்துவமனையில் கேட்டு எழுதி வாங்கி, தங்கையின் அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துவிடுங்கள். இனி எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் மருந்து எழுதுவதற்கு முன்பே அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.